ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை "சொந்த வார்த்தையில்" எழுதச் சொல்கிறார்கள், பி.எச். என்பதை எத்தனை விதமாகத்தான் எழுதுவது?

திசையன்விளைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கடைசி வருஷம் படிக்கிறேன். எங்கள் பேட்ச் எடுத்த ப்ராஜெக்ட் பதநீர். சுண்ணாம்பு போட்ட பதநீரிலும் போடாததிலும் நேரம் ஆக ஆக பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்), அமிலத்தன்மை, ரெட்யூசிங் சுகர் (குளுகோஸ் மாதிரி எளிய சர்க்கரை) மூன்றும் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். சித்தப்பா பனையேறி, அதனால் சாம்பிளுக்குப் பஞ்சமில்லை. லேப் வேலை முடிந்துவிட்டது, ரீடிங் எல்லாம் நோட்டில் இருக்கிறது. எழுதுகிற இடத்தில்தான் வண்டி நிற்கிறது.

கைடு மேடம் சொன்னது இதுதான்: எல்லாம் உங்கள் சொந்த வார்த்தையில் இருக்க வேண்டும், நகல் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேரில் போட்டுப் பார்ப்பேன், பத்து சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் திருப்பித் தந்துவிடுவேன். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். உட்கார்ந்து எழுதப் பார்த்தால் ஒரு வரி நகரவில்லை. பி.எச். என்றால் என்ன என்று எழுதப் போனால் எல்லாப் புத்தகத்திலும் ஒரே வாக்கியம், அதை மாற்றினால் தப்பாகிவிடுகிறது. செய்முறையும் அப்படியே, டைட்ரேஷனை (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காண்பதை) உலகத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதானே செய்கிறார்கள். படித்த பேப்பர்கள் எல்லாம் ஆங்கிலம், நான் பன்னிரண்டு வரை தமிழ் மீடியம், அவர்கள் எழுதியதைவிடச் சுருக்கமாக எனக்கு ஆங்கிலத்தில் சொல்லவே வராது. தமிழில் யோசித்து மொழிபெயர்த்தால் அது சொந்த வார்த்தை ஆகிவிடுமா?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. பாதி விஷயம் சித்தப்பா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும், எந்தப் பேப்பரிலும் பார்க்கவில்லை. அதை எங்கள் கருத்தாக எழுதலாமா?

---

ஆய்வகத்து அக்கா

தங்கச்சி, முதலில் அந்தப் பத்து சதவீதத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் பாதிப் பேர் அந்த எண்ணைப் பார்த்தே பயந்து போகிறார்கள். அது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் கொண்டுவந்த விதிமுறையில் இருந்து வருவது. ஒற்றுமை பத்து சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் நாற்பது வரை போனால் திருத்தித் தரச் சொல்வார்கள், அறுபதைத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்து. உங்களுக்கு யு.ஜி. ப்ராஜெக்ட் என்பதால் காலேஜ் என்ன வைத்திருக்கிறதோ அதுதான் கணக்கு, எண்ணை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அதே விதிமுறையில் எல்லோரும் படிக்காமல் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. மேற்கோள் காட்டி எடுத்த பகுதி, ரெஃபரன்ஸ் பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், விதிகள், சமன்பாடுகள் இதெல்லாம் கணக்கில் வராது. தொடர்ந்து பதினான்கு வார்த்தை வரை தற்செயலாக ஒத்துப்போவதும் வராது. ஆனால் சுருக்கம், கவனித்தவை, முடிவுகள் போன்ற பகுதிகளில் ஒற்றுமையே இருக்கக் கூடாது. அதாவது நீ எங்கே பயப்படுகிறாயோ அங்கே பெரிய ஆபத்து இல்லை.

இப்போது பி.எச்.சுக்கு வருவோம். அதை எப்படி மாற்றி எழுதுவது என்று கேட்கிறாய், நான் கேட்கிறேன், எதற்காக எழுதுகிறாய்? சோரன்சன் என்ற வேதியியலாளர் 1909-இல் அந்த அளவுகோலைக் கொண்டுவந்தார், இன்று உன் ரிப்போர்ட்டைத் திருத்தப் போகிற எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) முப்பது வருஷமாக அதைப் பாடம் நடத்துகிறவர். அவருக்கு நீ பி.எச். சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊர் ப்ராஜெக்ட்டுகளில் முதல் இருபது பக்கம் இப்படித்தான் வீணாகப் போகிறது, பனை மரத்தின் தாவரவியல் பெயர், மாநில மரம், அதன் பயன்கள், சர்க்கரை என்றால் என்ன, அமிலம் என்றால் என்ன. இதெல்லாம் நகல் எடுக்காமல் எழுதவே முடியாத பகுதிகள், உனக்குச் சொல்ல அதில் எதுவும் இல்லையே. வெட்டிவிடு. பக்கக் கணக்கு காட்ட வேண்டும் என்று டிபார்ட்மென்டில் கேட்டால் அது வேறு தொல்லை, மேடத்திடம் பேசு.

மொழிபெயர்ப்பு பற்றி: ஒருவரின் பத்தியை வாக்கியம் வாக்கியமாகத் தமிழாக்கினாலும் அது அவருடைய பத்திதான். சாஃப்ட்வேர் பிடிக்காமல் விடலாம், ஆனால் அவர் எதை முதலில் சொன்னார், எதை உதாரணமாகக் காட்டினார் என்ற வரிசை அப்படியே வந்து நிற்கும், துறை தெரிந்தவருக்கு இரண்டு வரியில் தெரிந்துவிடும். தமிழில் யோசிப்பது நல்லதுதான், ஆனால் இப்படிச் செய். பேப்பரைப் படி, மூடி வை, ரூம்மேட்டைக் கூப்பிட்டு "இவங்க என்ன செஞ்சாங்க, என்ன கிடைச்சுது, நமக்கு இதுல எது வேணும்" என்று தமிழில் வாயால் சொல். அதை அப்படியே நோட்டில் எழுது. ஆங்கிலத்துக்குப் போகும்போது உன் நோட்டிலிருந்து போ, பேப்பரைத் திறக்காதே. எழுதி முடித்த பிறகு எண்கள் சரியா என்று பார்க்க மட்டும் திற. உன் ஆங்கிலம் எளிமையாக இருக்கும், இருக்கட்டும்.

எழுதுகிற வரிசையையும் மாற்று. முன்னுரையிலிருந்து ஆரம்பிக்காதே. ரிசல்ட் டேபிளை எதிரே வைத்துக்கொண்டு அங்கிருந்து ஆரம்பி. சுண்ணாம்பு போடாத சாம்பிளில் ரெட்யூசிங் சுகர் என்ன ஆனது? இங்கே சொல், மிச்சத்தை அதிலிருந்து பேசுவோம்.

---

ஏரல் புயல்

இவ்வளவு பேச்சு எதுக்கு. வரியை மாத்திக் கொடுக்கிற சைட் ஆயிரம் இருக்கு, ஒரு பக்கம் போட்டா அடுத்த நிமிஷம் வேற வார்த்தையில வந்துரும், சாஃப்ட்வேர்ல அஞ்சு சதவீதம்கூட காட்டாது. யு.ஜி. ப்ராஜெக்ட்ட யாரு படிக்கப் போறா, பைண்டிங் பண்ணி அலமாரியில வைப்பாங்க. நான் அப்படித்தான் பாஸ் ஆனேன்.

---

அம்பை வாத்தியார்

தம்பி ஏரல், யாரும் படிக்க மாட்டார்கள் என்பதில் பாதி உண்மை. வைவா என்று ஒன்று இருக்கிறதே, அங்கே ரிப்போர்ட்டைப் புரட்டி ஏதாவது ஒரு வரியில் விரலை வைத்து "இதற்கு என்னம்மா அர்த்தம்" என்று கேட்பார்கள். எக்ஸ்டர்னலாகப் போகிற இடங்களில் நான் அதைத்தான் செய்வேன். தான் எழுதிய வரி என்றால் தப்பாகவாவது ஒரு பதில் வரும், வார்த்தை மாற்றுகிற சைட் எழுதிய வரி என்றால் மௌனம்தான். 2021-இல் கபனாக் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் அச்சான ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே இந்த மாதிரி மாற்றிப்போட்ட சொற்களைத் தேடிப் பிடித்தார்கள். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்று வரவேண்டிய இடத்தில் கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ் என்று இருந்ததாம். இரண்டு சொல்லும் அகராதிப்படி பக்கத்துப் பக்கத்து வீடு, விஞ்ஞானப்படி ஒரு சம்பந்தமும் இல்லை. ரெட்யூசிங் சுகரை அந்த சைட்டில் போட்டால் சர்க்கரையைக் குறைப்பது என்று ஏதாவது வந்து நிற்கும், அப்புறம் அது டயாபடீஸ் ப்ராஜெக்ட்.

அம்மா திசையன்விளை, ஆய்வகத்து அக்கா சொன்னதோடு ஒன்றை மட்டும் நான் சேர்த்துச் சொல்ல வேண்டும், செய்முறைப் பகுதி. எல்லோரும் ஒரே மாதிரிதான் டைட்ரேட் செய்கிறார்கள் என்கிறாய். இல்லை. ரெட்யூசிங் சுகரை அளக்கிற லேன்-எய்னான் முறை 1923-இல் வந்தது, அதை நீ விவரிக்கவே வேண்டாம், "லேன்-எய்னான் முறைப்படி" என்று சொல்லி மூலத்தைக் காட்டிவிட்டால் ஒரு வரியில் முடிந்தது. அதன் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் செய்முறை. எனக்குச் சில கேள்விகள். சுண்ணாம்பு போட்ட சாம்பிளில் கால்சியம் கிடக்குமே, அது அந்த டைட்ரேஷனைக் கெடுக்கும், அதை எப்படி நீக்கினீர்கள்? பி.எச். மீட்டரை எந்தெந்த பஃபர் (பி.எச். முன்பே தெரிந்த கரைசல்) வைத்துச் சரிபார்த்தீர்கள், நான்கும் ஏழும் மட்டுமா, ஒன்பது புள்ளி இரண்டும் வைத்தீர்களா? சுண்ணாம்புப் பதநீர் நல்ல காரம், கீழ்ப் பஃபர்களை மட்டும் வைத்திருந்தால் அந்த ரீடிங்கை நான் நம்ப மாட்டேன். முக்கியமாக, உங்கள் டேபிளில் "பூஜ்ய மணி" என்று போட்டிருப்பீர்கள், அது எந்த நேரம்? மரத்திலிருந்து கலயத்தை இறக்கிய நேரமா, லேபுக்கு வந்து சேர்ந்த நேரமா? திசையன்விளையிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் வருகிற நேரத்துக்குள் அது பாட்டுக்குப் புளித்துக்கொண்டு வரும்.

இந்தக் கேள்விகளுக்கு நீ பதில் எழுதினால் அந்தப் பகுதி வேறு யாருடைய பேப்பரோடும் ஒத்துப்போகவே வழியில்லை.

---

திசையன்விளைக்காரி

அக்கா, சார், ரொம்ப நன்றி. கால்சியத்துக்குப் பொட்டாசியம் ஆக்சலேட் போட்டு வடிகட்டினோம், மேடம்தான் சொன்னார். பஃபர் மூன்றும் வைத்தோம். பூஜ்ய மணி என்பது மரத்தடியில்தான், பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வந்தோம், ஆனால் கலயம் மரத்தில் ராத்திரி முழுக்கத் தொங்கியதே, அதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று தெரியவில்லை.

ரெட்யூசிங் சுகர் சுண்ணாம்பு போடாததில் முதலில் ஏறியது, அப்புறம் இறங்கியது. நாங்கள் எதிர்பார்த்தது ஒரே திசையில் போகும் என்று. அதனால் அந்த கிராஃபைப் பற்றி எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறோம். சுண்ணாம்பு போட்டதில் பெரிய மாற்றம் இல்லை.

தமிழில் ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், பாருங்கள்:

"பனைப் பாளையிலிருந்து பெறப்படும் சாறு சர்க்கரை மிகுந்தது ஆதலால் நுண்ணுயிரிகளால் விரைவில் நொதித்தலுக்கு உள்ளாகிறது. சுண்ணாம்பு சேர்க்கப்படும்போது காரத்தன்மை அதிகரிக்கப்பட்டு நொதித்தல் தடுக்கப்படுகிறது. இது பாரம்பரியமாகப் பின்பற்றப்பட்டு வரும் முறையாகும்."

---

உடன்குடி அண்ணாச்சி

மக்கா, எனக்கு கெமிஸ்ட்ரி தெரியாது, எங்க வீட்டில் மூன்று தலைமுறையாக விடிலி (பதநீர் காய்ச்சுகிற குடிசை) இருந்தது, அதை வைத்துச் சொல்கிறேன். ராத்திரிக் கணக்கு மட்டும் பார்த்தால் போதாது, கலயத்தையும் பார்க்கணும். பழைய மண் கலயம் என்றால் கழுவினாலும் உள்ளே புளிப்பு ஊறிப் போயிருக்கும், அதில் இறங்குகிற பதநீர் சீக்கிரம் பொங்கும். புதுக் கலயம் அப்படி இல்லை. உன் சித்தப்பா ரெண்டுக்கும் ஒரே வயசுக் கலயம் கட்டினாரா என்று கேள். அப்புறம் ஒரே மரமா, வேறு வேறு மரமா, அலகுப் பனையா (ஆண்) பருவப் பனையா (பெண்), பாளை சீவின நேரம் ஒன்றுதானா, இதெல்லாம் கேட்டு எழுது. சுண்ணாம்பு எவ்வளவு பூசினார் என்றும் கேள், கையளவுதான் சொல்வார், அதையே எழுது.

புளிச்ச பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி கட்டி சேராது, இளகலாகப் போகும். இது எங்கள் பாட்டி சொல்லி நான் பார்த்தது. காரணம் படிச்சவங்க சொல்லணும்.

இன்னொன்று, சிரிக்காதே. சுண்ணாம்பு போடாமல் இறக்கினால் அதுக்குப் பெயர் கள். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கு. ப்ராஜெக்டுக்காக என்று காலேஜில் இருந்து ஒரு கடிதம் வாங்கி வச்சிருக்கீங்களா? சித்தப்பாவுக்கு வம்பு வந்துறக் கூடாது பாரு.

---

ஆய்வகத்து அக்கா

அண்ணாச்சி பாட்டி சொன்னதற்குக் காரணம் தங்கச்சி எழுதாமல் விட்ட அந்த கிராஃபிலேயே இருக்கிறது!

பதநீரில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். சுக்ரோஸ் ரெட்யூசிங் சுகர் இல்லை, அதனால் நீங்கள் டைட்ரேஷனுக்கு எடுத்த ஃபெலிங் கரைசலில் அது தன்னைக் காட்டிக்கொள்ளாது. ஈஸ்ட் தன் இன்வர்டேஸ் என்சைமால் சுக்ரோஸை குளுகோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிளக்கிறது, இரண்டும் ரெட்யூசிங் சுகர், ஆகவே உங்கள் அளவு ஏறுகிறது. அப்புறம் அந்த குளுகோஸையும் ஃப்ரக்டோஸையும் ஈஸ்ட்டே தின்று ஆல்கஹால் ஆக்குகிறது, அளவு இறங்குகிறது. பிளக்கிற வேகமும் தின்கிற வேகமும் சமமாகிற இடம்தான் உங்கள் கிராஃபின் உச்சி. கருப்பட்டி கட்டிசேர சுக்ரோஸ் படிகமாக வேண்டும், பிளந்துபோன சர்க்கரை கலந்தால் படிகம் ஆக விடாது. பாட்டி இளகல் என்றது அதைத்தான். சுண்ணாம்பு காரம் ஏற்றி ஈஸ்ட்டை அடக்கிவிடுவதால் அந்த சாம்பிளில் கோடு படுத்தேகிடக்கிறது.

இதைத்தான் நீங்கள் "எதிர்பார்க்கவில்லை" என்று ஓரமாக வைத்திருக்கிறீர்கள். உங்கள் ரிப்போர்ட்டே இதுதான், தங்கச்சி. எந்த நேரத்தில் உச்சி வந்தது, பி.எச். அப்போது எவ்வளவு, அமிலத்தன்மை எவ்வளவு என்று மூன்றையும் ஒரே நேரக் கோட்டில் வைத்து எழுது. இன்வர்டேஸ் பற்றிய விளக்கம் உன்னுடையது இல்லை, அங்கே மூலம் காட்டு, அதை எவ்வளவு சொந்த வார்த்தையில் எழுதினாலும் காட்டத்தான் வேண்டும். வார்த்தையை மாற்றிவிட்டால் மூலம் தேவையில்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், மாறியது வார்த்தைதான், கண்டுபிடித்தவர் மாறவில்லை. பதநீர் வைத்தால் புளிக்கும் என்பதற்கு மூலம் வேண்டாம், நெல்லையில் ஐந்து வயசுப் பிள்ளைக்குத் தெரியும். சர்க்கரை இத்தனை சதவீதம் என்று எண் சொன்னால் மூலம் வேண்டும்.

இப்போது உன் பத்தி. இலக்கணப் பிழை இல்லை, ஆனால் அதில் நீ எங்கும் இல்லை. பெறப்படும், உள்ளாகிறது, சேர்க்கப்படும், அதிகரிக்கப்பட்டு, தடுக்கப்படுகிறது, பின்பற்றப்பட்டு. யார் சேர்த்தார்கள், எங்கே? ஆங்கிலத்தில் போட்டால் இதே வாக்கியம் நூறு பேப்பரில் இருக்கும். நீ சொன்ன தகவலையே வைத்து நான் எழுதிப் பார்க்கிறேன், தெரியாத இடத்தில் கோடு விட்டிருக்கிறேன்:

"திசையன்விளைக்கு அருகே ஒரே பனையின் இரண்டு பாளைகளில் ஒரே நேரத்தில் கலயம் கட்டினோம். ஒன்றின் உட்புறம் பனையேறி வழக்கமாகப் பூசும் அளவு சுண்ணாம்பு பூசப்பட்டது, மற்றதில் இல்லை. இரண்டும் ____ கலயங்கள். மறுநாள் காலை ____ மணிக்கு இறக்கி, மரத்தடியிலேயே பி.எச். அளந்தோம். இதையே பூஜ்ய மணி என்று கொள்கிறோம், எனினும் சாறு இரவு முழுவதும் கலயத்தில் இருந்ததால், சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் நொதித்தல் அதற்கு முன்பே தொடங்கியிருக்கும்."

ராத்திரி விஷயத்துக்குத் தீர்வு அந்தக் கடைசி வரிதான், மறைக்காமல் சொல்லிவிட்டால் குறையாகாது. ஒரே மரம் என்பது நானாகப் போட்டது, இல்லையென்றால் மாற்றிவிடு. எங்கள் பத்தியை நகல் எடுத்து ஒட்டிவிடாதே, அப்புறம் மேடம் இந்தத் திரியையே தேடிப் பிடித்துவிடுவார்.

---

அம்பை வாத்தியார்

சித்தப்பா கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னதை "எங்கள் கருத்து" என்று எழுதக் கூடாது. பேப்பரில் அச்சானவருக்குத் தருகிற மரியாதை அவருக்கும் உண்டு. "பனையேறி ஒருவரிடம் நேரில் கேட்டது" என்று ஊரும் மாதமும் போட்டு அந்த இடத்திலேயே குறிப்பிடு, பெர்சனல் கம்யூனிகேஷன் என்பார்கள். பெயர் போடலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள், அண்ணாச்சி சொன்ன கள் விவகாரத்தை நினைத்தால் போடாமல் இருப்பதே நல்லது என்று தோன்றுகிறது. நன்றியுரையிலும் ஒரு வரி. பிரின்சிபாலுக்கும் நிர்வாகத்துக்கும் அரைப் பக்கம் எழுதுவீர்கள், சாம்பிள் கொடுத்தவருக்கு ஒரு வரி எழுத மாட்டீர்கள், பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

---

ஏரல் புயல்

சரி சார், ஒத்துக்கிறேன், கிராஃப் விஷயம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு நியாயமான கேள்வி. புரியாத பேப்பரை ஏ.ஐ.கிட்ட கொடுத்து விளக்கச் சொல்லலாமா கூடாதா?

---

ஆய்வகத்து அக்கா

விளக்கம் கேட்பதற்கு நான் தடை சொல்ல மாட்டேன், காலேஜ் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது சொன்னதைப் பேப்பரில் மறுபடி பார்க்காமல் எடுக்காதே, இல்லாத பேப்பரை ரெஃபரன்ஸாக அழகாகத் தந்துவிடும், தலைப்பு, வருஷம், பக்க எண் எல்லாம் இருக்கும், தேடினால் அப்படி ஒன்றே கிடையாது. எழுதுவதை அதனிடம் விடாதே. அண்ணாச்சி கேட்ட பழைய கலயமா புதுக் கலயமா என்பது அதற்கு எப்படித் தெரியும்?

---

திசையன்விளைக்காரி

சித்தப்பாவுக்கு போன் போட்டேன். இரண்டும் ஒரே மரம்தான், அலகுப் பனை. ஆனால் சுண்ணாம்பு போட்டது புதுக் கலயம், போடாதது பழசு! கடிதம் மேடம் முதலிலேயே வாங்கிவிட்டார் அண்ணாச்சி, லேபில் மிஞ்சியதை அங்கேயே கொட்டிவிட்டோம்.

இப்போது கலய வித்தியாசத்தால் ரிசல்ட் செல்லாதா?

---

அம்பை வாத்தியார்

செல்லும், ஆனால் வேகமாகப் புளித்ததற்கு சுண்ணாம்பு இல்லாதது மட்டுமே காரணம் என்று இனி நீ எழுத முடியாது. டிஸ்கஷனில் கலயத்தைச் சொல்லு. சீசன் இன்னும் இருக்கிறது, சித்தப்பாவிடம் இரண்டு புதுக் கலயம் கட்டச் சொல்லி பி.எச். மட்டுமாவது இன்னொரு முறை எடுத்துவிடு, டைட்ரேஷன் வேண்டாம், மீட்டரை மரத்தடிக்கே கொண்டுபோனால் ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை. மேடத்திடம் முதலில் கேட்டுவிட்டுப் போ.